மார்ச் பதினேழு, செவ்வாய்

ஊத்தான் மெலிந்தாங்கில் மழை விட்டபோது
மணி பத்தைத் தாண்டியிருந்தது.
ஆலையின் நிறுவை மேடைக்கு முன்னால்
பதினொரு லோரிகள்.
அறுத்த செம்பனைக் குலை காத்திருக்காது;
விடிந்தால் புளிப்பு ஏறும், விலை இறங்கும்.

"நான் ஒண்ணும் தொடலக்கா" என்றாள் குணவதி.
"அதுவே அப்டேட் ஆச்சு, அதுவே படுத்துச்சு,
எழுந்து வந்து தராசைத் தெரியாதுங்குது."

அவள் நாற்காலியில் உயரத்துக்காக ஒரு தலையணை.
நான் உட்கார்ந்தால் முழங்கால் மேசையில் இடித்தது.

தராசு கம்பி வழியே எடையை
அனுப்பிக்கொண்டுதான் இருந்தது.
கேட்கத்தான் ஆளில்லை.
பதினேழு டன் சுமந்து நின்ற லோரிக்கும் பூஜ்யம்,
அது நகர்ந்தபின் மேடையைக் குறுக்கே கடந்த
நாய்க்கும் பூஜ்யம்.

"டிரைவரைத் தூக்கிட்டு வேற டிரைவர் போடணும்" என்றேன்.
கதவோரம் நின்ற வேலாண்டி
ஓரடி பின்னால் போனார்.

புது டிரைவரும் வாய் திறக்கவில்லை.
கடைசியில் அந்தப் பட்டியலைத் திறந்தேன்:
பழைய நிலைக்குத் திரும்ப மூன்று தேதிகள்.
முதல் இரண்டும் பாதி வழியில் விழுந்தன.
மிச்சம் ஒன்று. மார்ச் பதினேழு, செவ்வாய்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன்.
குணவதி கூரையைப் பார்த்து யோசித்தாள்.
"ஒண்ணும் நடக்கலக்கா."

ஒன்றும் நடக்காத நாளைத்தான்
எடுத்து வைத்திருந்தது,
யாரும் சொல்லாமலே.
சம்பளம் போடாத, சாமி புறப்படாத,
கரண்டும் போகாத
ஒரு செவ்வாய்க்கிழமையை.
என் கல்யாண ஆல்பத்தில்
அப்படி ஒரு படம்கூட இல்லை.

முப்பத்தெட்டு விழுக்காட்டில் நின்றுவிட்டது.
ஆ சாய் கரிபாப் பொட்டலத்தை நீட்டினான்.
எடுத்தேன், கடிக்கவில்லை.
முப்பத்தெட்டு.
முப்பத்தெட்டு.
வேலாண்டி வெளியே போய்
எதற்கோ ஒரு டயரை உதைத்துவிட்டு வந்தார்.
முப்பத்தொன்பது.

எடை வந்தது.
யாரோ ஹார்னை அழுத்தி எடுக்கவேயில்லை.
முதல் சீட்டு கரகரவென்று இறங்கியது.
வேலாண்டி அதை டார்ச்சடியில் படித்தார்,
மறுபடி படித்தார்.
"கழிவு மூணுன்னு இருக்கு."

ஹார்ன் நின்றது.

மே மாதம் பதினொரு நாள்
குலையை மரத்திலேயே பழுத்து உதிரவிட்டு
சின்னத்தோட்டக்காரர்கள் இறக்கிய எண் அது.
நூற்றுக்கு மூன்றிலிருந்து ஒன்றரைக்கு.
மார்ச்சுக்கு அது எப்படித் தெரியும்?

"நல்லா ஓடின நாளுக்குத்தானே போனேன்" என்றேன்,
வாய் இருக்கிறதே என்று.

"நல்லாத்தான் ஓடுச்சு தங்கச்சி.
எங்க மேலதான் ஓடுச்சு."

கழிவை மாற்றக் கடவுச்சொல் கேட்டது.
குணவதியின் இப்போதைய சொல்லை ஏற்கவில்லை.
மார்ச்சில் வைத்திருந்தது வேண்டுமாம்.
அவள் கொஞ்ச நேரம் விரலைத் தூக்கியபடியே இருந்தாள்.
பிறகு எங்கள் பக்கம் பாராமல்
ஒரு பெயரைத் தட்டினாள்.
ஆறு கரும்புள்ளிகள்தான் தெரிந்தன.
திறந்துகொண்டது.
நான் கேட்கவில்லை,
அவளும் மூக்கை உறிஞ்சிவிட்டு
மூன்றை அழித்தாள்.

ஒவ்வொரு லோரியாக மேடை ஏறி இறங்கியது.
கிழித்த முதல் சீட்டை
வேலாண்டி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
எதற்கு என்று சொல்லவில்லை.

கிளம்புமுன் புதிதாக ஒரு மீட்புப் புள்ளி வைத்தேன்.
இந்த முறை நாங்களாக.
பழையது நல்லது என்று யாரும் சொல்லவில்லை;
வேலை செய்தது, அவ்வளவுதான்.
பெயர் கேட்டது.
'இரவு இரண்டு பத்து. கழிவு ஒன்றரை.'
என்று தட்டினேன்.

வெளியே அந்த நாய்
மறுபடி மேடையைக் கடந்தது.
திரையில் இருபது கிலோ.